காதுக்கு வந்த வரலாறு: ஹேன்ட்ஸ்ப்ரீ வாங்கப் போகும் பெற்றோருக்கு ஒரு பதிவு

 

டயகம பக்கத்தில் சம்பளம் போட்ட கிழமையில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சேர், பிள்ளைக்கு ஹேன்ட்ஸ்ப்ரீ ஒன்று வாங்க வேணும். எது நல்லது?" ஒரு நாள் பேருக்குக் கிடைக்கும் காசில் கணிசமான பங்கு அதற்குப் போகிறது. அதனால் "ஏதாவது ஒன்றை வாங்குங்கள்" என்று சொல்லிவிட மனம் வருவதில்லை. நான் வரலாறு படிப்பிப்பவன். என் பதிலும் வரலாற்றிலிருந்துதான் வரும். கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸில் போகும்போதோ, இரவு வேலை முடிந்தோ ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் எதை வாங்கலாம் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

*1. முதலில் அது தொழிலாளியின் சுமை*

ஹெட்போன் பாட்டுக் கேட்பதற்காகப் பிறந்தது என்று பலர் நினைக்கிறோம். அது பிறந்தது வேலைத்தளத்தில். 1880களில் அமெரிக்காவின் தொலைபேசி நிலையங்களில் இணைப்புக் கொடுப்பவர்கள் நாள் முழுக்க ஒரு காதில் கேட்டுக்கொண்டே கைகளால் வயர்களை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு கையும் வேலைக்குத் தேவை. ஆகவே கேட்கும் கருவியைத் தோளில் சுமக்கும் சட்டம் ஒன்றில் பொருத்திக் கொடுத்தார்கள். அதன் பாரம் பல இறாத்தல். நம் அக்காமார் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி முதுகில் சுமப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும். இரண்டு கையும் உழைக்க வேண்டுமென்றால் பாரம் தலைக்கும் தோளுக்கும் போகிறது.

1881 இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமென்ட் ஆடெர் என்பவர் நாடக அரங்கின் இசையைத் தொலைபேசி வயர் வழியாகக் கொண்டுவந்து மக்களுக்குக் கேட்கக் கொடுத்தார். இரு காதுக்கும் இரு கருவி. மேடையின் இடது புறத்துச் சத்தம் இடது காதுக்கும் வலது புறத்துச் சத்தம் வலது காதுக்கும் வந்தது. இன்று நாம் 'ஸ்டீரியோ' என்று சொல்வதை அன்றே வரிசையில் நின்று கேட்டார்கள். 1895 இல் இலண்டனில் இதுவே ஒரு வியாபாரமாயிற்று. வருடச் சந்தா கட்டினால் வீட்டிலிருந்தபடி நாடகத்தையும் தேவாலயப் பிரசங்கத்தையும் கேட்கலாம். வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு அது.

1891 இல் ஏர்னஸ்ட் மெர்காடியே என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் காதுத் துவாரத்துக்குள் செருகும் சிறிய கருவிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதன் பாரம் ஏறத்தாழ 50 கிராமுக்குள். காது உரசிப் புண்படாமலும், வெளிச் சத்தம் உள்ளே வராமலும் இருக்க அதற்கு இறப்பர் உறை போட்டார். இந்தச் செய்தியை மறந்துவிடாதீர்கள். காதுக்கு நோகக்கூடாது, வெளிச் சத்தம் அடைபட வேண்டும். நல்ல இயர்போனின் இரண்டு இலக்கணங்களையும் 130 வருடங்களுக்கு முன்பே ஒரு மனிதர் எழுதிவைத்துவிட்டார். இன்று கடையில் நாம் தேடுவதும் அதைத்தான்.

1910 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்து கடற்படைக்கு அனுப்பினார். கடற்படை சோதித்துப் பார்த்து அசந்து போயிற்று. நிறையக் கேட்டார்கள். அவரோ ஒரு தடவைக்குப் பத்துத்தான் தர முடியும் என்றார். சமையலறையில் அவ்வளவுதான் செய்யலாம். கப்பலில் மணிக்கணக்காகக் கம்பியில்லாத் தந்தி கேட்பவர்களுக்காகத்தான், தலைக்கு மேல் வளைந்து இரு காதையும் மூடும் இந்த வடிவம் நிலைபெற்றது.

*2. கொழும்பிலிருந்து காற்றில் வந்த குரல்*

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1921 இல் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இலங்கைக்கு வந்தார். 1923 இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையில், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலி உறுப்புகளைக் கொண்டு பரீட்சார்த்தமாக கிராமபோன் இசையை ஒலிபரப்பினார். 1925 டிசம்பர் 16 இல் 'கொழும்பு வானொலி' முறையாகத் தொடங்கியது. பிபிசி தொடங்கி மூன்றே வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஆசியாவின் மிகப் பழைய வானொலிகளில் நம்முடையதும் ஒன்று என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தக் காலத்து ரேடியோவை எப்படிக் கேட்டார்கள்? மலிவான ரேடியோ என்றால் 'கிறிஸ்டல் செட்'. அதற்குக் கரண்டும் வேண்டாம், பெட்டரியும் வேண்டாம். கலீனா என்ற ஈயக் கனியத் துண்டில் மெல்லிய கம்பியின் நுனியைத் தொட வைத்துத் தேட வேண்டும். சரியான இடத்தில் பட்டால் குரல் வரும். இந்தக் கலீனா உணர்கருவிக்கு 1904 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ். நம் பிராந்தியத்து விஞ்ஞானி ஒருவரின் பெயர் இந்தக் கதையின் தொடக்கத்திலேயே இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

காற்றில் வரும் அலையின் சக்தியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ரேடியோ வேலை செய்வதால், அதில் வரும் சத்தம் மிக மெல்லியது. ஒலிபெருக்கியை அசைக்கும் பலம் அதற்கு இல்லை. ஹெட்போனைக் காதில் அழுத்திப் பிடித்தால்தான் கேட்கும். ஆகவே வானொலியின் முதல் நேயர்கள் ஹெட்போன் நேயர்கள். வீட்டில் நாலு பேர் இருந்தால் என்ன செய்வது? ஒரு ஜோடியைக் கழற்றி ஆளுக்கொரு காதாகக் கேட்டார்கள். இன்னும் சிலர் ஹெட்போனை ஒரு பீங்கான் கோப்பைக்குள் வைத்தார்கள். கோப்பை ஒலியைக் கூட்டிக் கொடுக்க, எல்லாரும் தலையைக் குனிந்து சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். இன்று நம் பிள்ளைகள் போனை டம்ளருக்குள் போட்டுப் பாட்டுக் கேட்கிறார்களே, அதே வித்தைதான்!

கடலுக்கு அப்பால் சென்னையில் 1924 இல் ஆர்வலர்கள் சேர்ந்து வானொலிக் கழகம் அமைத்து ஒலிபரப்பினார்கள். பணமில்லாமல் 1927 இல் அது நின்றது. கருவிகளைச் சென்னை மாநகராட்சி பொறுப்பெடுத்து 1930 இல் மீண்டும் ஒலிபரப்பைத் தொடங்கியது. மெரினா கடற்கரையில் ஒலிபெருக்கி கட்டி, ரேடியோ வாங்க முடியாத மக்களும் மாலை நேரத்தில் கேட்க வழி செய்தது. ஒருவர் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததை ஊருக்கே கொடுத்த மாற்றம் அது.

*3. ஒரு லயத்துக்கு ஒரு ரேடியோ*

நம் தோட்டங்களில் வானொலி பரவலானது டிரான்ஸிஸ்டர் வந்த பிறகுதான். லயத்தில் கரண்ட் இல்லாத காலம். டோர்ச் பெட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று ஒரு காம்பராவுக்கு வந்தால் முழு லயத்துக்கும் வந்த மாதிரி. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள், நடுவில் ஒற்றைச் சுவர். முதல் காம்பராவில் செய்தி வாசித்தால் கடைசிக் காம்பராவில் கேட்கும். 1949 முதல் 'ரேடியோ சிலோன்', 1967 முதல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறினாலும், எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் வீட்டு மனிதர்களின் குரல்கள் ஆயின. சுத்தமான தமிழ் உச்சரிப்பை எங்கள் பெற்றோரின் தலைமுறையில் பலர் பாடசாலையில் கற்றதைவிட இந்தக் குரல்களிடம் கற்றது அதிகம் என்பது என் எண்ணம்.

இந்தக் காலத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எல்லாருக்கும் கேட்கிறது என்றால், கேட்க விருப்பமில்லாதவருக்கும் கேட்கிறது. இரவு வேலை முடிந்து வந்தவர் தூங்க முடியாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை படிக்க முடியாது. 2007 இல் வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில், விருப்பமில்லாத ஒருவரைக் கட்டாயமாகக் கேட்க வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்ற கருத்தை நம் உயர் நீதிமன்றம் சொன்னது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடும் வந்தது. எந்த மதத்தவரானாலும், பஸ் சாரதியானாலும், பெட்டிக் கடைக்காரரானாலும் இது நம் எல்லாருக்குமான பாடம். அயலவரின் உறக்கத்தைக் கெடுக்காமல் இருப்பது மார்க்கமும் சொல்லும் அடிப்படைப் பண்பு.

*4. வோக்மன் போட்ட கோடு*

1937 இல் பேர்லினில் பேயர் நிறுவனம் காந்தத்துக்கு நடுவில் கம்பிச்சுருள் அசையும் முறையில் ஹெட்போன் செய்தது. இன்று உங்கள் கையிலுள்ள பெரும்பாலான ஹேன்ட்ஸ்ப்ரீயும் அதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. சின்னக் காந்தம், அதற்குள் மெல்லிய கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய மெல்லிய படலம். மின்சாரம் ஏறி இறங்கப் படலம் அதிரும், அதுவே ஒலி. 1958 இல் ஜோன் கொஸ் அமெரிக்காவில் வீட்டில் இசை கேட்பதற்கான ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தார். 1968 இல் ஜேர்மனியின் சென்ஹைசர், பின்பக்கம் மூடாத 'திறந்த' ஹெட்போனை வெளியிட்டது. மஞ்சள் பஞ்சு வைத்த, பாரம் குறைந்த, காது வியர்க்காத அந்த மாதிரி பெருமளவில் விற்றது.

1979 ஜூலை 1 இல் ஜப்பானில் சோனி 'வோக்மன்' வந்தது. நீண்ட விமானப் பயணங்களில் இசை கேட்க வேண்டுமென்று சோனியின் நிறுவனர்களில் ஒருவரான மசாரு இபுகா ஆசைப்பட்டதிலிருந்து பிறந்தது அது. அதோடு வந்த ஹெட்போன் 50 கிராம் அளவுதான். ஒரு சுவையான செய்தி: முதல் வோக்மனில் ஹெட்போன் செருகும் துவாரம் இரண்டு இருந்தது. பேச வேண்டுமென்றால் அழுத்த ஒரு பொத்தானும் இருந்தது. ஒருவர் தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பது பக்கத்திலிருப்பவருக்கு மரியாதைக் குறைவு என்று சோனியின் மற்ற நிறுவனர் அகியோ மொரிட்டா கவலைப்பட்டார். ஆனால் வாங்கியவர்கள் தனியாகத்தான் கேட்டார்கள். பிந்திய மாதிரிகளில் இரண்டாவது துவாரம் காணாமல் போயிற்று.

1977 க்குப் பிறகு நம் நாட்டு மக்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். திரும்பி வந்தவர்களின் பெட்டிகளில் டேப் ரெக்கோடரும் ஹெட்போனும் வந்தன. இன்று அதே வளைகுடாவிலிருந்து உம்மாவோ அம்மாவோ வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறார். ஏழு பேர் இருக்கும் காம்பராவில் ஒரு பிள்ளை தன் தாயிடம் மனம்விட்டுப் பேச, தாய் சொல்வது அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்க, காதிலுள்ள அந்த வயர்தான் கதவு. ஹேன்ட்ஸ்ப்ரீயை 'வீண் செலவு' என்று ஏசும் பெரியவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். தனி அறை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளையின் தனி அறை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு அதுவே பலருக்கு வகுப்பறையும் ஆயிற்று. சிக்னல் தேடி மலையேறிய பிள்ளைகளின் காதில் இருந்தது அதுதான்.

*5. காதின் கணக்கு*

இனித்தான் முக்கியமான பகுதி. நம் உட்காதில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள். ஒலியை மூளைக்குப் புரியும் சைகையாக மாற்றுவது இவைதான். கொழுந்து கிள்ளினால் ஒரு கிழமையில் மறுபடி துளிர்க்கும். இந்தக் கலங்கள் செத்தால் துளிர்க்காது. மனிதனுக்குப் பிறக்கும்போது கிடைத்ததே கடைசி வரை.

12 முதல் 35 வயது வரையானவர்களில் 110 கோடிப் பேருக்குக் கேள்விக் குறைபாடு வரும் அபாயம் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2015 இல் மதிப்பிட்டது. காரணம், சத்தமாகக் கேட்கும் பழக்கம். 2019 இல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்துடன் சேர்ந்து ஓர் அளவுகோலையும் வெளியிட்டது. பெரியவர்களுக்குக் கிழமைக்கு 80 டெசிபலில் 40 மணித்தியாலம். பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் 40 மணித்தியாலம்.

டெசிபல் கணக்கு சாதாரணக் கணக்கு மாதிரி அல்ல. 3 டெசிபல் கூடினால் காதுக்குப் போகும் ஒலிச் சக்தி இரட்டிப்பாகிறது. ஆகவே கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. பெரியவர்களுக்கு 80 இல் 40 மணி, 83 இல் 20 மணி, 86 இல் 10 மணி, 89 இல் வெறும் 5 மணி. அதுவும் ஒரு முழுக் கிழமைக்கு! சத்தக் கோட்டை ஒரு புள்ளி மேலே தள்ளுவது சின்ன விஷயமாகத் தெரிகிறது. காதின் கணக்குப் புத்தகத்தில் அது பெரிய பற்று.

பிள்ளை ஏன் சத்தத்தைக் கூட்டுகிறது? பெரும்பாலும் குறும்புக்காக அல்ல. டயகமவிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் உறுமல், ஹோர்ன், பஸ்ஸின் ஸ்பீக்கர் பாட்டு. இந்த இரைச்சலுக்கு மேலே தன் பாடம் கேட்க வேண்டுமென்று பிள்ளை சத்தத்தைக் கூட்டுகிறது. காதை சரியாக அடைக்காத, தளர்வான ஹேன்ட்ஸ்ப்ரீ என்றால் இன்னும் கூட்டும். ஆகவே வெளிச் சத்தத்தை அடைக்காத மலிவுப் பொருள் காதைக் கெடுக்கிறது என்பதே உண்மை. மெர்காடியே இறப்பர் உறை போட்டதன் அருமை இங்கேதான் தெரியும்.

ஓர் ஆசிரியனாக இதை அழுத்திச் சொல்கிறேன். கேள்வி குறைவது கண் மங்குவது போல வெளியே தெரியாது. முதலில் போவது ச, ஸ, ப, த போன்ற மெல்லிய ஒலிகள் தெளிவாகக் கேட்பது. பிள்ளைக்குச் சத்தம் கேட்கும், சொல் புரியாது. பின் வரிசையில் அமைதியாக இருக்கும், கேட்டதற்கு வேறு பதில் சொல்லும், 'கவனமில்லை', 'மந்தம்' என்று பெயர் வாங்கும். தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு ஏற்கனவே இருக்கும் தடைகள் போதும். காதுக்குள் இன்னொரு தடையை நாமே காசு கொடுத்து வாங்கிக் கொடுக்கக் கூடாது.

*6. சத்தத்தை சத்தத்தால் வெல்லுதல்*

'நொய்ஸ் கென்சலிங்' என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். இதற்கும் வரலாறு உண்டு. ஒலி அலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்ற யோசனைக்கு ஜேர்மனியின் போல் லுவெக் 1936 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதைச் செய்து காட்டும் மின்னணுவியல் அன்று இல்லை. 1978 இல் சூரிச்சிலிருந்து விமானத்தில் பயணம் செய்த அமர் போஸ், கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலால் இசை கேட்க முடியாமல், விமானத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார். அவருடைய தந்தை நோனி கோபால் போஸ், பிரித்தானிய ஆட்சியை எதிர்த்ததால் வங்காளத்தை விட்டு அமெரிக்கா போன சுதந்திரப் போராளி. 1986 இல் நிற்காமல் உலகைச் சுற்றிய 'வொயேஜர்' விமானத்தின் விமானிகள் இந்த முறையில் செய்த கருவிகளை அணிந்தார்கள். 1989 இல் விமானிகளுக்கும், 2000 இல் சாதாரணப் பயணிகளுக்கும் விற்பனைக்கு வந்தது.

இந்தத் தொழில்நுட்பம் ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும் தாழ்ந்த சத்தத்தைத்தான் நன்றாகக் குறைக்கும். விமானம், ரயில், பஸ் எஞ்சின், தேயிலைத் தொழிற்சாலையின் வாட்டு விசிறி போன்றவை அப்படிப்பட்டவை. பேச்சு, ஹோர்ன், குழந்தையின் அழுகை ஆகியவற்றை அவ்வளவாக அடக்காது. பெட்டரி தீர்ந்தால் நின்றுவிடும். மலிவானவற்றில் பெட்டியில் மட்டும் எழுதியிருக்கும், உள்ளே இருக்காது. சரியான அளவு இறப்பர் முனை உள்ள சாதாரண இயர்போனே பஸ் இரைச்சலில் கணிசமான பகுதியை அடைத்துவிடும். தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பிமார் ஒன்றைக் கவனியுங்கள். இயர்போன் காதுக் கவசம் ஆகாது. மெஷின் சத்தத்துக்கு மேல் பாட்டுப் போடுவது காதுக்கு இரட்டை அடி.

*7. சரி சேர், எதை வாங்குவது?*

முதலில் ஓர் ஆறுதல் செய்தி. 2017 இல் வெளியான ஓர் ஆய்வில் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார்கள். விலைக்கும், தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை அவை எழுப்பும் அளவுக்கும் தொடர்பு எதுவும் காணவில்லை. விலை கூடியது நல்ல ஒலி தரும் என்று நினைத்துக் கடன்பட வேண்டாம்.

பயணத்துக்கு: காதுக்குள் செருகும், இறப்பர் முனை உள்ள வகை. பெட்டியில் மூன்று அளவு முனைகள் கொடுப்பார்கள். பலர் பூட்டி வந்ததையே போட்டுக்கொண்டு மற்றதை எறிந்துவிடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். சரியான அளவு என்றால் தாழ்ந்த ஒலி நிறைவாக வரும், வெளிச் சத்தம் குறையும், தாடையை அசைத்தாலும் கழறாது. வலது காதுக்கும் இடது காதுக்கும் வேறு அளவு தேவைப்படுவதும் சாதாரணம். தலவாக்கலையிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகும் அரை நாளும் நோகாமல் இருக்க வேண்டுமென்றால் அளவுதான் எல்லாம்.

வீட்டில் நீண்ட நேரம் படிக்க: காதுக்கு மேலே உட்காரும் அல்லது காதை மூடும் பாரம் குறைந்த ஹெட்போன். காதுத் துவாரத்துக்கு ஓய்வு கிடைக்கும். கடையிலேயே பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். கண்ணாடி போடும் பிள்ளைக்குக் கண்ணாடிக் கம்பியை அழுத்தக் கூடாது. ஸ்கார்ப் அணியும் மகள்மாருக்குப் பெரிய ஹெட்போன் துணியில் வழுக்கும், ஊசியையும் அழுத்தும். அவர்களுக்குக் கழுத்தைச் சுற்றி நிற்கும் நெக்பேண்ட் அல்லது சிறிய இயர்போன் வசதி.

வயரா, புளூடூத்தா: நம் ஊருக்கு என் முதல் சிபாரிசு வயர். சார்ஜ் வேண்டாம், விலை குறைவு, ஒன்றைத் தொலைத்தால் மற்றது வீண் என்ற கவலை இல்லை. இன்னொரு பெரிய காரணமும் உண்டு. எப்.எம். ரேடியோ உள்ள பெரும்பாலான போன்களில் வயரைச் செருகினால்தான் ரேடியோ வேலை செய்யும். அந்த வயர்தான் அன்டனா. மழைக் காலத்தில் மண்சரிவு வந்து, கரண்ட் போய், சிக்னலும் போனால், எச்சரிக்கைச் செய்தி கேட்க அந்த ஒரு வயர் உதவும். 1925 இல் கிறிஸ்டல் செட்டில் ஹெட்போன் இல்லாமல் வானொலி கேட்க முடியாது. நூறு வருடம் கழித்தும் நம் கைப்போனில் அதே நிலைதான். வாங்கும் முன் போனின் துவாரத்தைப் பாருங்கள். 2016 இல் ஐபோன் 7 வட்டத் துவாரத்தைக் கைவிட்ட பிறகு பல நிறுவனங்களும் அதையே செய்தன. உங்கள் போனில் டைப்-சி மட்டும் இருந்தால் அதற்கேற்றதைக் கேளுங்கள்.

ஒலி பார்க்கும் விதம்: கடைக்காரர் போடும் 'டும் டும்' பாட்டில் மயங்காதீர்கள். பிள்ளை அதிகம் கேட்கப் போவது ஆசிரியர் குரல். செய்தி வாசிப்பு ஒன்றைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விளங்குகிறதா என்று பாருங்கள். அடுத்து உங்களுக்கு நன்கு பழகிய ஒரு பாட்டைப் போடுங்கள். தவிலின் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், நாதஸ்வரம் காதைக் கீறக் கூடாது. குறைந்த சத்தத்தில் தெளிவாகக் கேட்பதே நல்ல ஹேன்ட்ஸ்ப்ரீ.

பராமரிப்பு: நம் ஊர்ப் பனியும் ஈரமும் பொல்லாதவை. உலர்ந்த துணியால் துடைத்துச் சின்னப் பெட்டியில் வையுங்கள். இறப்பர் முனையைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடியைப் பாவித்தால் ஆளுக்கொரு முனை வைத்துக்கொள்ளட்டும். காது வலித்தால், சீழ் வந்தால் எண்ணெய் விடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

*8. போடக் கூடாத இடங்கள்*

ரயில் பாதையில் வேண்டாம். நம் நாட்டில் இயர்போனோடு தண்டவாளத்தில் நடந்து பலியானவர்களின் செய்தி புதியதல்ல. லொறி திரும்பும் மலைப்பாதையில் இரு காதிலும் வேண்டாம். மலையில் கொழுந்து பறிக்கும்போது வேண்டவே வேண்டாம். குளவி கலைந்தால் முதலில் கேட்பது அந்த இரைச்சல், அடுத்துக் கேட்பது "ஓடுங்க" என்று பக்கத்து நிரையிலிருந்து வரும் சத்தம். ஓடுவதற்குக் கிடைப்பது சில நொடிகள். காது அடைபட்டிருந்தால் அந்த நொடிகளும் இல்லை. சிறுத்தை நடமாடும் தோட்டங்களில் அதிகாலையில் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

தூங்கும்போதும் கழற்றிவிடுங்கள். ஒரு மணித்தியாலம் கேட்டால் பத்து நிமிடம் காதுக்கு ஓய்வு கொடுங்கள். சத்தக் கோடு பாதியைச் சற்றுத் தாண்டலாம், அதற்கு மேல் வேண்டாம். பிள்ளை ஹேன்ட்ஸ்ப்ரீ போட்டிருக்கும்போது ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் சத்தம் கூடியிருக்கலாம். காதுக்குள் 'கீ' என்று இரைவதாகப் பிள்ளை சொன்னாலோ, வழக்கத்தைவிட டிவியைச் சத்தமாக வைத்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலையில் காது பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பெற்றோருக்கு என் சுருக்கமான பதில் இதுதான்: கைக்கு அடங்கிய விலையில், மூன்று அளவு இறப்பர் முனையோடு, குறைந்த சத்தத்தில் சொல் தெளிவாக விளங்கும் வயர் ஹேன்ட்ஸ்ப்ரீ ஒன்றை வாங்கிக் கொடுங்கள். எவ்வளவு சத்தமாக, எங்கே, எவ்வளவு நேரம் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். இந்தப் பதிவைத் தோட்டத்துப் பெற்றோர் குழுக்களில் பகிர்ந்துகொள்ளுங்கள். தரம் 6 க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வாசித்தும் காட்டுங்கள்.

எல்லாருடைய பிள்ளைகளின் காதுகளையும் இறைவன் நலமாக வைத்திருக்கட்டும்.